முதல் ஸஃப்பில் காணாமல் போனவர்: முதியோர் இல்லங்களில் இருப்போருக்காகப் பரிந்து பேசுவோம்

  



நல்ல காரியத்திற்காக ஒருவர் பரிந்துரை செய்தால், அந்த நன்மையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று அல்லாஹ் திருக்குர்ஆனில் (4:85) வாக்களிக்கிறான். ‘ஷஃபாஅத் ஹஸனா’ என்று குர்ஆன் அதைச் சொல்கிறது. ஷஃபாஅத் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மறுமை நாள்தான். ஆனால் இந்த வசனம் இந்த உலகத்தில் நாம் செய்ய வேண்டிய ஷஃபாஅத்தையும் சொல்கிறது. தேவையுள்ள ஒருவர் வந்தால், பெருமானார் (ஸல்) அவர்கள் சபையில் இருப்போரைப் பார்த்து, இவருக்காகப் பரிந்து பேசுங்கள், உங்களுக்குக் கூலி கிடைக்கும் என்ற கருத்தில் கூறுவார்கள் என அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்).

தன் தேவையைத் தானே வந்து சொல்ல முடிந்தவருக்கே பரிந்து பேச ஆள் வேண்டும் என்றால், படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு?

ஒரு பெரியவரின் கதை

நம் பள்ளியில் ஒரு பெரியவர் ஃபஜ்ருக்குத் தவறாமல் வருவார். முதல் ஸஃப்பில் வலது ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுவார். ஒரு கட்டத்தில் அவரைக் காணவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து மோதினார் சொல்லித்தான் தெரிந்தது: வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். ஸலாம் சொன்னேன். பதில் இல்லை. “அவருக்கு மறதி வந்துடுச்சு, எதுக்கும் பதில் சொல்ல மாட்டார்” என்றார் அங்கு வேலை செய்த பெண். பக்கத்தில் உட்கார்ந்து காதருகே சத்தமாகச் சொன்னேன். உடனே முகம் மலர்ந்து, “ஹஜ்ரத், நீங்களா!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மறதி இல்லை. காது கேட்கும் கருவியில் பேட்டரி தீர்ந்து போயிருந்தது. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எதுவும் சொல்லிடாதீங்க ஹஜ்ரத். நீங்க போயிடுவீங்க. நான் இங்கதானே இருக்கணும்.”

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அவருடைய தேவை ஒரு சின்ன பேட்டரி. அதைக் கேட்பதற்கு அவருக்கு இருந்த பயமோ மிகப் பெரியது. அந்த நான்கு மாதமும் நான் விசாரிக்காமல் இருந்தது என் குற்றம். இதை மிம்பரில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்களில் யாரும் அந்தத் தவறைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விசாரிப்பது சுன்னத்

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஒருவரைக் காணாமல் பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. ஸஹாபாக்கள் அதைப் பெரிய விஷயமாகக் கருதாமல் இருந்துவிட்டார்கள். எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்ட நபியவர்கள், கப்ரைக் காட்டச் சொல்லி அங்கே சென்று ஜனாஸா தொழுதார்கள் (புகாரி, முஸ்லிம்). பள்ளிக்கு வருபவர் வராமல் போனால் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா?

மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் முதிய தந்தை அபூகுஹாஃபாவை நபியவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே விட்டிருக்கலாமே, நானே அவரிடம் வந்திருப்பேனே என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (அஹ்மத்). வயதானவர் நம்மைத் தேடி வரவேண்டியதில்லை. நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும்.

‘உம்மிடத்தில்’ என்ற சொல்

பெற்றோரைப் பற்றிய வசனத்தில் (17:23) அல்லாஹ் ‘இந்தக’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறான். ‘உம்மிடத்தில்’ என்று பொருள். அவர்கள் முதுமை அடையும்போது உம்முடைய பராமரிப்பில், உம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வசதியும் உடல் வலுவும் இருந்தும் பாரம் என்று பெற்றோரை வெளியே அனுப்புபவர் இந்தச் சொல்லுக்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் முதியோர் இல்லத்தில் இருப்போர் எல்லோரும் பிள்ளைகளால் விரட்டப்பட்டவர்கள் என்று நினைக்கக் கூடாது. பிள்ளை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இரவும் பகலும் நர்ஸ் கவனிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். மகன் வளைகுடாவில், மருமகள் கைக்குழந்தையோடு ஒற்றை அறை வீட்டில் என்ற நிலையும் இருக்கிறது. அந்தக் குடும்பங்களைத் தெருவில் வைத்து விமர்சிப்பதால் பெரியவருக்கு ஒரு நன்மையும் இல்லை. இல்லத்தில் சேர்த்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாதக் கட்டணத்தை அனுப்பிவிட்டால் ‘இந்தக’ என்ற கடமை முடிந்துவிடாது. இடம் மாறலாம், பொறுப்பு மாறாது.

யாரும் போய்ப் பார்க்காவிட்டால்

2018 பிப்ரவரியில் நம் பக்கத்தில் நடந்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். உத்திரமேரூர் அருகே பாலேஸ்வரத்தில் ஆதரவற்ற முதியோருக்கான ஒரு இல்லம் இருந்தது. அங்கே போன ஒரு வாகனத்தில் காய்கறியும், ஒரு சடலமும், உயிரோடு இருக்கும் முதியவர்களும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தார்கள். உள்ளிருந்து வந்த அலறலைக் கேட்டு வழியில் இருந்த பொதுமக்கள் வண்டியை மறித்தார்கள். அதன் பிறகு அதிகாரிகள் ஆய்வு செய்தார்கள். அங்கு இருந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

பலவிதமான குற்றச்சாட்டுகள் அப்போது பேசப்பட்டன. நிரூபிக்கப்படாததைப் பரப்புவது நமக்கு ஆகாது. எந்தச் சமயத்தவரையும் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. ஆதரவற்றோருக்கு நாம் எத்தனை இல்லம் நடத்தினோம் என்ற கேள்வி நம்மை நோக்கியும் வரும். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றை மட்டும்தான். சாலையில் போன சாதாரண மனிதர்கள் ஒரு குரலைக் கேட்டு நின்றார்கள். அவர்கள் நின்றதால்தான் அரசாங்கமும் வந்து பார்த்தது. வாரம் ஒருவராவது வந்து கேள்வி கேட்கும் இடத்தில் அலட்சியம் நீடிப்பது கஷ்டம்.

போனால் எதைப் பார்ப்பது?

பழத்தைக் கொடுத்து, செல்ஃபி எடுத்துத் திரும்புவது நலம் விசாரிப்பதாகாது. உமர் (ரலி) அவர்கள் இரவில் ஒரு வீட்டுக்குள் போய்வருவதை தல்ஹா (ரலி) அவர்கள் பார்த்தார்கள். காலையில் அங்கே போனால், பார்வையிழந்து நடக்க முடியாத ஒரு மூதாட்டி இருந்தார். அந்த மனிதர் எதற்காக வருகிறார் என்று கேட்டதற்கு, பல நாட்களாக வந்து என் தேவைகளைச் செய்து கொடுத்து, அசுத்தத்தையும் அகற்றிவிட்டுப் போகிறார் என்று அந்த அம்மையார் சொன்னார் (ஹில்யதுல் அவ்லியா). கலீஃபாவின் கண் எங்கே போனது பாருங்கள்! கண்ணுக்குத் தெரியாத சின்னத் தேவையில்.

நீங்களும் அப்படிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி, பல்செட், காது கருவி மூன்றும் அவரிடம் இருக்கின்றனவா? கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? அடிக்கடி கழிவறைக்கு அழைத்துப் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பது சில இடங்களில் உண்டு. படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? முதுகிலும் குதிகாலிலும் புண் இருக்கிறதா? உடல் மெலிந்திருக்கிறதா? பென்ஷன் வந்தால் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது? ஊழியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நிதானமாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னதை அவரைக் கேட்காமல் வெளியே சொல்லாதீர்கள். அவர் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

முகீஸ் அவர்களுக்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் பரீரா (ரலி) அவர்களிடம் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்டபோது, இல்லை, பரிந்துரை மட்டுமே என்றார்கள். அவர் மறுத்தார். நபியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் (புகாரி). பரிந்துரை செய்பவர் யாரையும் நிர்ப்பந்திக்க மாட்டார். பெரியவருக்கு எது நல்லது என்று நாமே முடிவு செய்வதும் பரிந்துரை ஆகாது. அவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவரையே கேட்க வேண்டும்.

நிர்வாகத்திடம் பேசும்போது மென்மை வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்கள் பலர் குறைந்த சம்பளத்துக்கு இரவு முழுக்கக் கண்விழிப்பவர்கள். முதலில் அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள், பிறகு குறையைச் சொல்லுங்கள். சொன்னதை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வாரம் போய் மறுபடி கேளுங்கள்.

மார்க்க உரிமைகள்

இல்லத்தில் இருக்கும் முஸ்லிம் பெரியவர்களுக்கு இன்னும் சில தேவைகள் உண்டு. கிப்லா எந்தப் பக்கம் என்று அனுமதி பெற்றுச் சுவரில் ஒரு குறி ஒட்டிக் கொடுங்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் காட்டிய சலுகை (புகாரி). தண்ணீர் பட்டால் பாதிப்பு என்றால் தயம்மும் இருக்கிறது. நோன்பு வைக்க முடியாத முதியவருக்கு ஃபித்யா இருக்கிறது. இது தெரியாமல், தொழ முடியவில்லையே என்று அழுதுகொண்டிருப்பவர்கள் உண்டு. உணவு ஹலாலா என்ற சந்தேகத்தில் பாதி வயிற்றோடு படுப்பவர்களும் உண்டு. நிர்வாகத்திடம் சொன்னால் பெரும்பாலும் மாற்று ஏற்பாடு செய்து தருவார்கள். சொல்லத்தான் ஆள் வேண்டும்.

மிக முக்கியமானது ஜனாஸா. இல்லத்தின் பதிவேட்டில் குடும்பத்தார் எண்ணோடு பள்ளிவாசலின் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தை அந்த நேரத்தில் தொடர்புகொள்ள முடியாவிட்டாலும் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைத்து அடக்கம் செய்வது நம் அனைவர் மீதும் ஃபர்ளு கிஃபாயா. யாரும் செய்யாவிட்டால் தெரிந்த அனைவரும் குற்றவாளிகள்.

சட்டமும் பரிந்துரைக்கு இடம் தருகிறது

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவானது. கவனிக்காத பிள்ளைகளிடம் பெற்றோர் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பிள்ளை இல்லாத 60 வயது கடந்தவர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாக வரும் உறவினரிடம் கேட்கலாம். தீர்ப்பாயம் வருவாய் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் வட்டங்களுக்குத் தாம்பரம் கோட்டாட்சியர். மனு கொடுக்க வக்கீல் தேவையில்லை. பெரியவரால் முடியாவிட்டால், அவர் அதிகாரம் அளித்த வேறொருவரோ, பதிவு பெற்ற அமைப்போ அவருக்காக மனு கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவே முன்வந்தும் எடுக்கலாம். கவனிக்கும் பொறுப்பில் இருப்பவர் பெரியவரைக் கைவிட்டுச் சென்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் பெற்றோரே! எங்களைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதுங்கள். மகன் கவனிக்கவில்லை என்று வழக்குத் தொடுத்த ஒரு தாய்க்கு, தானப் பத்திரத்தை ரத்து செய்து வீட்டைத் திருப்பித் தர 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். இல்லத்தின் மீது புகார் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகம், ஆட்சியர் அலுவலகம். முதியோருக்கான சிறப்பு வைத்தியத்துக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது.

நம்மவருக்கு மட்டுமா?

இல்லை. வயதான யூதர் ஒருவர் பிச்சை எடுப்பதைப் பார்த்த உமர் (ரலி) அவர்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்து, பைத்துல்மாலிலிருந்தும் உதவ உத்தரவிட்டார்கள். இளமையில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பது அவர்கள் சொன்ன காரணம் (கிதாபுல் கராஜ்). பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் எந்த மதமானாலும் அவரையும் நலம் விசாரியுங்கள், அவருக்காகவும் பேசுங்கள்.

நம் மஹல்லாவில் என்ன செய்யலாம்?

ஒன்று: பள்ளிக்கு வரும் 60 வயது கடந்தவர்களின் பெயர், எண் பட்டியல். மூன்று ஜும்ஆ வராவிட்டால் ஒருவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். இரண்டு: பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், ஊரப்பாக்கம் பக்கம் உள்ள இல்லங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துக்கொண்டு, அனுமதி பெற்று, மாதம் இருமுறை செல்வது. பெண்கள் பகுதிக்குப் பெண்களே செல்ல வேண்டும். மூன்று: மனு எழுதத் தெரிந்த ஒரு சகோதரர், சந்தேகம் கேட்க ஒரு மருத்துவர். நான்கு: ஜனாஸாவுக்கான எண் எல்லா இல்லத்துப் பதிவேட்டிலும்.

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பேட்டரி மாற்றியதும் அவர் முதலில் கேட்டது, “பாங்கு சத்தம் இங்க வருமா ஹஜ்ரத்?” என்பதுதான். வந்தது, தூரத்திலிருந்து மெல்லியதாக. அதன் பிறகு இளைஞர்கள் இருவர் முறை வைத்துப் போய்வந்தார்கள். மறு வருடம் ஒரு நாள் ஃபஜ்ருக்கு முன் பள்ளியின் போன் அடித்தது. பதிவேட்டில் நம் எண் இருந்தது. அன்று லுஹருக்குப் பிறகு அவருடைய ஜனாஸா தொழுகையில் ஐந்து ஸஃப்பு நின்றது. மகனும் வந்து நின்றார்.

இந்த வாரம் உங்கள் ஸஃப்பில் யார் இல்லை என்று பாருங்கள். விசாரியுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோருக்கும் முதியோருக்கும் அருள் புரிவாயாக! பேச முடியாதவருக்காகப் பேசும் நாவையும், மென்மையான உள்ளத்தையும் எங்களுக்குத் தருவாயாக! எங்கள் முதுமையில் எங்களைத் தனிமையில் விட்டுவிடாதே! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.