நிலம் நாட்டுக்கு, மான் மாநிலத்துக்கு

நம்மூர் கிராமக் கணக்கில் புறம்போக்கு என்பது ஒற்றைச் சொல். ஆனால் மேய்ச்சல் புறம்போக்கு வேறு, நீர்நிலைப் புறம்போக்கு வேறு, நத்தம் வேறு. பட்டா இல்லை என்பது மட்டும்தான் அவற்றுக்குப் பொது. அமெரிக்காவில் ‘பப்ளிக் லேண்ட்’ எனப்படும் பொது நிலமும் அப்படித்தான். மத்திய அரசின் கையில் மட்டும் ஏறக்குறைய 64 கோடி ஏக்கர் இருக்கிறது. தமிழ்நாட்டை இருபது முறை விரித்துப் போடலாம்.

செப்டம்பர் பிறந்ததும் வில்லையும் அம்புகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வேற்று மாநிலத்துக்குக் கிளம்பும் வேட்டைக்காரர், இந்த நிலத்தை முதலில் செல்போன் வரைபடத்தில்தான் பார்க்கிறார். தேசியக் காடு பச்சை. நில மேலாண்மைத் துறையின் வறண்ட மேய்ச்சல் வெளி மஞ்சள். பச்சையோ மஞ்சளோ தெரிந்தால் போதும், இறங்கிவிடலாம் என்ற எண்ணம் அங்கே பிறக்கிறது. வில் வேட்டையைப் பற்றி உலவும் தவறான நம்பிக்கைகளில் பாதி அந்த வண்ணங்களிலிருந்து வந்தவைதான்.

“அரசு நிலம்தானே, யாரும் வேட்டையாடலாம்”

டென்னசி மாநிலத்தில் ஒரே மலைத்தொடரில் இரண்டு காடுகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்கா, மற்றது செரோக்கி தேசியக் காடு. மரங்களில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. காட்டுக்குள் மாநிலத்தின் விதிப்படி உண்டு. ‘பூங்கா’, ‘காடு’ என்ற ஒரு சொல்லில் எல்லாம் மாறிவிடுகிறது. யெல்லோஸ்டோன் பூங்காவில் வேட்டையை 1894-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள்.

இதைவிடச் சுவையான கதை மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் பள்ளத்தாக்கு. 2020 டிசம்பரில் அதைத் தேசியப் பூங்காவாக உயர்த்தியபோது, தலைமுறைகளாக அங்கே வேட்டையாடியவர்களுக்கு இடம் பறிபோகும் என்ற கவலை எழுந்தது. அதனால் பெயரிலேயே ஒரு ‘மற்றும்’ சேர்த்தார்கள்: தேசியப் பூங்கா மற்றும் காப்பகம். சுமார் 7,000 ஏக்கர் பூங்கா, அங்கே வேட்டை இல்லை. மீதமுள்ள 65,000 ஏக்கர் காப்பகம், அங்கே வேட்டை உண்டு. நுழைவுப் பலகையில் பெயரை முழுசாகப் படிக்காமல் திரும்பிப் போனவர் இழந்தது கொஞ்சமல்ல.

இன்னொரு சொல் நம்மவர்களையே குழப்பும். ‘வைல்ட்லைஃப் ரெஃப்யூஜ்’ என்றதும் வேடந்தாங்கல்போல ஒரு சரணாலயம்தான் மனதில் வரும். அமெரிக்காவில் அப்படியல்ல. 1903-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஃப்ளோரிடாவின் பெலிக்கன் தீவில் தொடங்கிவைத்த அந்தப் புகலிடங்களில் இன்று 400-க்கும் மேற்பட்டவை ஏதோ ஒரு வகை வேட்டைக்குத் திறந்திருக்கின்றன. சில இடங்களில் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், சிலவற்றில் குலுக்கல். பெயரைப் பார்த்தே ஒதுங்கிப்போகிறவர்கள் அதிகம் என்பதால், வெளியூர்க்காரர் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

“காடு மத்திய அரசுடையது, ஒரு லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும்”

செல்லாது. நிலம் மத்திய அரசுடையதாக இருந்தாலும் அதில் மேயும் மானைப் பராமரித்து, அதை வேட்டையாட உரிமம் கொடுப்பது மாநிலம். ஒரு மாநிலத்தில் வாங்கிய லைசென்ஸ் அடுத்த மாநிலத்தின் எல்லைக் கோட்டில் வெறும் காகிதம். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழை மட்டும் மாநிலங்கள் பொதுவாகப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்கின்றன.

“நானும் வரி கட்டுகிறேனே, வெளியூர்க்காரன் என்று ஏன் கூடுதல் கட்டணம்?” என்ற முணுமுணுப்பு வேட்டை முகாம்களில் அடங்குவதே இல்லை. அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இலேயே பதில் பெற்றுவிட்டது. 1976-இல் மொன்டானா உள்ளூர்க்காரரிடம் எல்க் மான் வேட்டைக்கு 9 டாலர் வாங்கியது. வெளிமாநிலத்தவர் 225 டாலருக்குக் கூட்டு லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். ஒரு வேட்டை வழிகாட்டியும் சில மினசோட்டாக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். எல்க் வேட்டை ஒரு பொழுதுபோக்கு, பிழைப்புக்கான அடிப்படை உரிமையல்ல என்று சொல்லி நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. இருபத்தைந்து மடங்கு கட்டணத்தில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால் தயங்கத்தான் வேண்டும். ஆனால் சட்டத்தில் தயக்கம் இல்லை.

“கொலராடோவில் எல்க் டேக் கடையிலேயே கிடைக்கும்”

எல்க் என்பது நம் மிளாவுக்குச் சித்தப்பா முறை சொல்லத்தக்க பெரிய மான். ‘டேக்’ என்பது ஒரு விலங்கை எடுத்துக்கொள்ளத் தரப்படும் சீட்டு. பல ஆண்டுகளாகக் கொலராடோவின் பெரும்பகுதியில் வில் வேட்டைக்கான எல்க் டேக்கை வெளிமாநிலத்தவரும் குலுக்கல் இல்லாமல் நேராக வாங்க முடிந்தது. டெக்சாஸ்காரர் ஆகஸ்ட்டில் நினைத்தால் செப்டம்பரில் மலையில் இருப்பார். அந்தப் பழைய நினைப்பில் இன்னமும் விமான டிக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாநிலத்தின் மேற்குப் பகுதியில் 2025 பருவத்திலிருந்து வெளியூர் வில் வேட்டைக்காரர்களும் குலுக்கலில்தான் நிற்க வேண்டும். விண்ணப்பிக்கும் காலம் வசந்தத்திலேயே முடிந்துவிடுகிறது. அயோவா இன்னும் கறார். பெரிய கொம்புள்ள வெண்வால் மானுக்குப் பேர்போன அந்த மாநிலத்தில் வெளியூர்க்காரர் ஆண்டுக்கு ஒரு புள்ளியாகச் சேர்த்து, பல ஆண்டுகள் காத்திருந்துதான் வில் டேக் பெறுகிறார்.

“வரைபடத்தில் பொது நிலம் என்றால், போய்ச் சேர வழி இருக்கும்”

வயோமிங் மாநிலத்தின் தென்பகுதியை மேலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகைதான். 1860-களில் ரயில் பாதை போட ஊக்கமாக, பாதையின் இரு பக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரு சதுர மைல் கட்டங்களை அரசு ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. கொடுத்தவை கைமாறிக் கைமாறிப் பண்ணைகளாயின. கொடுக்காதவை பொது நிலமாகவே தங்கிவிட்டன. வெள்ளைக் கட்டம் ஊருக்கு, கறுப்புக் கட்டம் பண்ணையாருக்கு. ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக் கட்டத்துக்கு மூலையில் மட்டும்தான் தொடர்பு. அந்த மூலையைத் தாண்டும்போது உடம்பு ஒரு கணம் பண்ணையாரின் காற்றுவெளியில் இருக்கும். அது அத்துமீறலா?

2021-இல் மிசௌரியிலிருந்து நாலு வேட்டைக்காரர்கள் எல்க் மவுன்டன் பக்கம் வந்தார்கள். மூலைக்கல் இருந்த இடத்தில் பண்ணைக்காரர் இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டுச் சங்கிலி போட்டிருந்தார். இவர்கள் கையோடு ஓர் ஏணி செய்துகொண்டு வந்திருந்தார்கள். ஏணியை மூலைக்கு மேலே நிறுத்தி, தனியார் மண்ணில் கால்படாமல் ஒரு பொதுக் கட்டத்திலிருந்து இன்னொன்றில் இறங்கினார்கள். அவர்கள்மேல் குற்ற வழக்குப் பாய்ந்தது. 2022-இல் ஜூரி விடுதலை செய்தது. பண்ணை விடவில்லை; சொத்தின் மதிப்புக் குறைந்துவிட்டதென்று 70 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு சிவில் வழக்குப் போட்டது. 2023-இல் மத்திய மாவட்ட நீதிமன்றம், 2025 மார்ச்சில் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் என இரண்டும் வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்பளித்தன. கைகொடுத்தது 1885-இல் மாட்டுப் பண்ணை முதலாளிகளை அடக்கப் போட்ட ஒரு சட்டம்: பொது நிலத்துக்குள் யாரும் போகவிடாமல் வேலி கட்டக் கூடாது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது.

இதைக் கேட்டதும் ‘மூலை தாண்டுவது இனி நாடு முழுக்கச் சட்டப்படி சரி’ என்று ஒரு புது நம்பிக்கை முளைத்திருக்கிறது. அதுவும் தவறு. அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கேன்சஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும். பக்கத்திலேயே இருக்கும் மொன்டானா வேறு வட்டம். அங்கே வனவிலங்குத் துறை மூலை தாண்டுவதைச் சட்டவிரோதம் என்றே சொல்லிவருகிறது. மூலைகூட இல்லாமல் நாற்புறமும் தனியார் நிலம் சூழ்ந்த பொது நிலமும் உண்டு. மேற்கு மாநிலங்களில் முறையான பாதையே இல்லாமல் அடைபட்டுக் கிடக்கும் மத்திய அரசு நிலம் 95 லட்சம் ஏக்கர் என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது.

வயோமிங்கில் இன்னொரு வினோதமும் உண்டு. வனாந்தரம் என்று மத்திய அரசு அறிவித்த பகுதிக்குள் வெளிமாநிலத்தவர் கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம், மலை ஏறலாம். வில்லோடு எல்க்கைத் தேடிப் போனால் மட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டியோ அனுமதி பெற்ற உள்ளூர்க்காரரோ கூட வர வேண்டும். பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்கிறார்கள். மீன் பிடிக்கிறவரைக் கரடி கடிக்காதா என்ற கேள்விக்கு யாரிடமும் நேரான பதில் இல்லை.

“மேற்கே போனால்தான் உண்டு, மற்ற இடமெல்லாம் தனியார்”

பாதி உண்மை. டெக்சாஸிலும் கேன்சஸிலும் நிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியாருடையது. ஆனால் தனியார் நிலமே பொது வேட்டைக்கு வருவதும் உண்டு. கேன்சஸ் 1995 முதல் விவசாயிகளுக்கு வாடகை கொடுத்து வயல் ஓரங்களையும் புல்வெளிகளையும் வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிடுகிறது. இப்போது அது பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல். டெக்சாஸில் 48 டாலர் ஆண்டு அனுமதிச் சீட்டு வாங்கினால் அரசு ஏற்பாடு செய்த ஏறக்குறைய பத்து லட்சம் ஏக்கரில் நுழையலாம். மொன்டானாவின் ‘பிளாக் மேனேஜ்மென்ட்’ நிலங்கள் பலவற்றில் வாசலில் ஒரு பெட்டி இருக்கும். அதிலுள்ள சீட்டில் பெயர் எழுதிப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

நகரத்தை ஒட்டியும் வில்லுக்கு மட்டும் இடம் உண்டு. அம்பு துப்பாக்கிக் குண்டுபோல ஒரு மைல் பறக்காது. வாஷிங்டனுக்குப் பக்கத்தில், தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டியில், மான் பெருகிவிட்ட பூங்காக்களில் நிர்வாகமே வில் வேட்டை நடத்துகிறது. முன்பதிவு செய்து, குறி தவறாமல் எய்ய முடியும் என்று காட்டி, மரத்தில் பரண் கட்டி மேலிருந்து கீழ்நோக்கித்தான் எய்ய வேண்டும். தவறிய அம்பு மண்ணில் குத்தி நிற்கும் என்பதுதான் அந்தப் பரண் விதியின் கணக்கு.

நாட்களும் வில்லுக்குத்தான் அதிகம். 1934-இல் வில்லுக்கென்று தனிப் பருவம் அறிவித்த முன்னோடி மாநிலம் விஸ்கான்சின். அங்கே நவம்பரில் துப்பாக்கியின் முக்கியப் பருவம் ஒன்பது நாள். வில் செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை. இருபது முப்பது கஜம் நெருங்கினால்தான் எய்ய முடியும் என்பதால் பலர் வெறுங்கையோடு திரும்புவார்கள். அதனால்தான் அந்தத் தாராளம். ஆனால் வாரக் கடைசியை நம்பி மெய்ன் மாநிலத்துக்குப் போகிறவர் ஏமாறுவார். அங்கே ஞாயிற்றுக்கிழமை வேட்டை கூடாது. 2024-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

“வில் எங்கே போனாலும் வில்தான்”

ஒரிகனில் குறுக்குவில்லால் வேட்டையாடக் கூடாது. பக்கத்து மாநிலத்தில் வாங்கியது என்று சொன்னாலும் யாரும் ஏற்கப்போவதில்லை. கொலராடோவில் நாணை இழுக்கும் விசை குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும். மொன்டானாவில் வில் உரிமம் முதல்முறை கேட்பவர் தனி வில் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழோ முந்தைய வில் உரிமமோ காட்ட வேண்டும். சாதாரண வேட்டைப் பயிற்சி போதாது. தேசியக் காடுகளில் வீடு, முகாம் போன்ற இடங்களிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது என்ற விதி துப்பாக்கிக்குத்தான் என்று நினைப்பவர் பலர். உயிரைப் பறிக்கக்கூடிய எந்தக் கருவியானாலும் அந்த விதி பொருந்தும். அம்பும் அதில் சேர்த்திதான்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களிடையே வேறொரு தயக்கம் உண்டு: குடியுரிமை இல்லாதவன் வேட்டைக்குப் போகலாமா? விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. அதிலும் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. வில்லோ அந்தச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே அல்ல. விமானத்தில் வில்லும் அம்பும் சரக்கோடு போகலாம், கைப்பையில் கூடாது.

அப்படி வில்லெடுத்துப் போகிற தமிழர் ஹவாயின் லானாய் தீவில் இறங்கினால் எதிரே நிற்பது அறிமுகமான முகமாக இருக்கும். நம் புள்ளிமான். 1860-களில் ஹாங்காங் வழியாக மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாக மொலொகாய் தீவுக்கு வந்த கூட்டத்தின் வாரிசுகள், 1920-இல் லானாய்க்கும் கொண்டுவரப்பட்டன. இயற்கை எதிரி இல்லாமல் பெருகிச் செடிகொடிகளை மேய்ந்து தீர்த்தன. இந்தியாவில் 1972 சட்டத்தின்கீழ் காக்கப்படும் அதே விலங்குக்கு அங்கே வில் பருவம் உண்டு. தீவின் பெரும்பகுதி ஒரு கோடீஸ்வரருக்குச் சொந்தம். வேட்டை நடக்கும் சுமார் 30,000 ஏக்கரும் தனியார் நிலம்தான். ஆனால் மாநில அரசு நிர்வகித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது.

“மான் விழுந்தால் வேலை முடிந்தது”

முழு மானை வண்டியில் கட்டி ஊருக்குக் கொண்டுபோன காலம் மலையேறிவிட்டது. 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுப் பண்ணையில் முதலில் தென்பட்ட, மானை மெலிய வைத்துக் கொல்லும் ஒரு பிரியான் நோய் இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. அந்தப் பிரியான் புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் மிகுதி. அதனால் பல மாநிலங்கள் வெளியிலிருந்து முழு உடலையோ தலையையோ உள்ளே விடுவதில்லை. எலும்பு நீக்கிய இறைச்சி, சுத்தம் செய்த மண்டை ஓட்டுத் தகட்டோடு கொம்பு, பதப்படுத்திய தோல் ஆகியவை மட்டும் போகலாம். வேட்டையாடிய மாநிலத்தின் விதி சரியாக இருந்து, வீடு இருக்கும் மாநிலத்தின் விதி தவறினாலும் சிக்கல்தான். இடையில் கடக்கும் மாநிலங்களும் தங்கள் பங்குக்கு விதி வைத்திருக்கும். சட்டத்தை மீறி எடுத்த விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டத்தின்படி அது மத்திய அரசுக் குற்றம். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் காட்டு முகாமிலேயே கத்தியைத் தீட்டி, எலும்பை அங்கேயே கழித்துவிட்டு, ஐஸ் பெட்டியில் இறைச்சியை மட்டும் அடுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறார்கள். டேக் சீட்டு பெட்டியின் மேலேயே இருக்கும்.