கடதாசியின் ஆயுளும் எங்கள் பத்திரங்களும்



மெட்ரோ 13ஆம் பாதையில் சென்-தெனி யுனிவெர்சித்தே நிலையத்தில் இறங்கினால், எதிரே பியர்ஃபித்-சூர்-செய்னில் பிரான்சின் தேசிய ஆவணக் காப்பகம் தெரியும். 2013இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தின் தட்டுகளை வரிசையாக வைத்தால் சுமார் 320 கிலோமீற்றர் நீளும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோரின் பழைய கோப்புகளும் அங்கே உள்ளன. இத்தனை கடதாசியும் எப்படி நிலைத்திருக்கிறது?

கடதாசி என்பது தாவர நார். நாரை நீரில் அடித்துக் கூழாக்கி, சல்லடையில் பரப்பி, நீர் வடிந்தபின் அழுத்தி உலர்த்துவர். நார்கள் ஒன்றையொன்று பற்றித் தாளாகின்றன. கி.பி. 105இல் சீனாவில் சாய் லுன் இம்முறையைச் செம்மைப்படுத்தினார் என்பர். ஐரோப்பாவில் பழந்துணிக் கந்தலே மூலப்பொருளாயிற்று. பாரிசுக்குத் தெற்கே எசோனில் லூயி-நிக்கொலா றொபேர் அமைத்த கடதாசி இயந்திரத்துக்கு 1799இல் காப்புரிமை கிடைத்தது. எமது வாழைச்சேனை ஆலையிலோ வைக்கோலிலிருந்தும் கடதாசி செய்தார்கள்.

கந்தல் கடதாசி நூற்றாண்டுகள் தாங்கும். 19ஆம் நூற்றாண்டில் வந்த மரக்கூழ்க் கடதாசி அப்படியல்ல. மரத்திலுள்ள லிக்னின் வெளிச்சத்தில் மஞ்சளாகும்; மை ஊறாதிருக்கச் சேர்த்த படிகாரம் அமிலமாகி நாரை அறுக்கும். பழைய பத்திரிகை கையில் நொறுங்குவது இதனால்தான்.

கணக்கெழுதும் தொழிலில் இருந்தும் நாமே இதில் தவறினோம். ஊரிலிருந்து கொண்டுவந்த பிறப்புச் சான்றிதழ் மடிப்பில் கிழிய, ஒட்டுநாடா ஒட்டினோம். சில வருடங்களில் அதன் பசை பழுப்பாகி, தகப்பனாரின் பெயரை மறைத்துவிட்டது. ஊருக்கு எழுதி மறுபிரதி எடுக்க ஒரு வருடத்துக்கு மேல் சென்றது.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. மூலப்பத்திரத்தில் ஒட்டுநாடா ஒட்டவோ, அதை லமினேட் செய்யவோ வேண்டாம். மடிக்காமல், அமிலமற்ற உறையில் வையுங்கள்.
2. குசினி, குளியலறை, நிலவறை ஆகிய இடங்களைத் தவிருங்கள். ஈரம் பூஞ்சணத்தைத் தரும்.
3. கடைப் பற்றுச்சீட்டில் மை இல்லை. சூட்டில் கறுக்கும் பூச்சே உண்டு. அது மங்குமுன் நிழற்பிரதி எடுங்கள்.
4. பிரதியொன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

நான்காவதை மறக்கவேண்டாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் திரும்பி வரவேயில்லை.

இந்த விடுமுறையில் பிள்ளைகளுடன் அமர்ந்து, வீட்டுப் பத்திரங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்போமாக.