காற்றும் மிதிவண்டியும்

சென்ற கோடையில் ஒரு பிற்பகல், வகுப்புத் தோழனுடன் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு மிதிவண்டியில் புறப்பட்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கடற்காற்று எதிர்த்தது. முந்தும் ஆசையில் விரைந்தேன். திரும்பிப் பார்த்தால், தோழன் கெண்டைக்காலைப் பிடித்தபடி சாலையோரம் அமர்ந்திருந்தான். வெட்கத்துடன் திரும்பிச் சென்றேன். “உன் முதுகு மறைவில் வந்தால் காற்று தெரியாதுடா” என்றான்.

அவன் சொன்னது அறிவியல். காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். மணிக்கு 15 கிலோமீட்டரில் செல்பவர்மீது அதே வேகக் காற்று எதிரே வீசினால் தடை நான்கு மடங்கு. முன்செல்பவர் அதைத் தாங்கினால், ஒட்டிப் பின்வருபவருக்குத் தடை குறையும். நார்வேயின் வடகோடியில் 2013-இல் தொடங்கிய ‘ஆர்க்டிக் ரேஸ்’ என்னும் நான்கு கட்டப் போட்டியில் வீரர்கள் இவ்வாறே முறைமாற்றி முன்செல்வர். ஒருநாள் முந்தியவரன்று, எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டினால் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர். முதலாண்டு வென்றவர் நார்வேயின் தோர் ஹூஷோவ்ட். நம் நாட்டில் 2008-இல் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிப் பயணமும் நாளுக்கொரு கட்டமாகச் செல்வதே. ஆனால் கல்லட்டியின் 36 வளைவுகளில் வேகம் குறைவு. அங்கே காற்றன்று, அவரவர் எடையே சுமை. யார் மறைவும் உதவாது.

நாங்கள் சென்றதோ சமவெளி. மைல்கல்லுக்கு ஒருவராக முறைமாற்றி முன்சென்றோம். கலங்கரை விளக்கம் தெரிந்தபோது, முதலில் வந்தது யார் என்று இருவருமே கேட்கவில்லை.