வக்கீலை நாடும் வேளை

புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், ஒரு ஊர் முடிந்து மற்றொன்று தொடங்கியது தெரியாமலேயே எங்கள் கோட்டக்குப்பம் வந்துவிடும். 1954 வரை அப்பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இப்பக்கம் வேறு ஆட்சி. இன்றும் அது மாநில எல்லையே. மதுவிலக்குச் சோதனைச் சாவடியைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

என் பெரியப்பா மகன் தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளை நண்பர் ஒருவர் இரவல் கேட்டார். மறுநாள் அது காவல் நிலையத்தில் நின்றது. பெட்டியில் புதுச்சேரி மது பாட்டில்கள். நண்பர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். "அபராதம்தான் கட்டியாயிற்றே, வண்டி தானாக வந்துவிடும், வக்கீலுக்கு ஏன் தண்டச் செலவு?" என்றார் பெரியப்பா. நாங்களும் தலையாட்டினோம். பின்பு அண்ணன் பெயருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்தோம். வண்டி ஏலத்தில் போயிற்று. தவணையோ மேலும் பதினான்கு மாதம் ஓடியது.

குற்ற வழக்கு வேறு, வண்டியைப் பறிமுதல் செய்யும் நடவடிக்கை வேறு என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. 1937-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி பறிமுதலுக்கு முன் உரிமையாளருக்கு அறிவிப்புத் தருகிறார்கள். 'என் அறிவின்றி நடந்தது' என்று சொல்ல அண்ணனுக்கு இருந்த வாய்ப்பே அந்தக் காகிதம். அன்றே ஒரு வக்கீலிடம் காட்டியிருந்தால் வண்டி நிச்சயம் திரும்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், பதிலாவது போயிருக்கும்.

கெடு குறித்த காகிதம் எதுவானாலும் வக்கீலிடம் போவதே நலம் என்பது என் கருத்து. திரும்பிவந்த காசோலையை எடுத்துக்கொள்வோம். வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பணம் கேட்க வேண்டும். கேட்பு கிடைத்தபின் அவருக்கு 15 நாள். அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. எங்கள் ஊரார் பலருக்கு வங்கிக் கணக்கு புதுச்சேரியில். 2015 திருத்தத்தின்படி, பணம் பெறவேண்டியவரின் கணக்கு எந்தக் கிளையில் உள்ளதோ அப்பகுதி நீதிமன்றத்திலேயே வழக்குப் போட வேண்டும். மனை வழக்கோ மனை இருக்கும் இடத்தில்தான். ஆகவே எந்த ஊர் நீதிமன்றம் என்று அறியவே சிலவேளை ஒரு வக்கீல் தேவைப்படுகிறார்!

எல்லாவற்றுக்கும் கறுப்பு அங்கியைத் தேடி ஓடவும் வேண்டாம். பட்டா பெயர் மாற்றம், பிறப்புச் சான்று, தகவல் கேட்கும் மனு ஆகியவை நாமே எழுதக்கூடியவை. பழுதான மின்விசிறியை மாற்றித்தர மறுக்கும் கடைக்காரர்மேல் விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்தில் நாமே வாதாடலாம். கொடுத்த விலை 5 இலட்சம் வரையானால் கட்டணமும் இல்லை. ஆனால் மனை வாங்கும்போது வில்லங்கச் சான்றோடு மூலப்பத்திரங்களையும் ஒரு வக்கீல் படித்துப் பார்க்கட்டும். முன்பணம் கொடுத்தபின் போய்ப் பயன் குறைவு.

கைதானால் யோசிக்கவே கூடாது. விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்வது அரசியலமைப்பின் 22-வது பிரிவு தரும் உரிமை. வசதியற்ற கைதிக்கு அரசு செலவில் வக்கீல் தரவேண்டும் என்று 1978-இல் ஹொஸ்காட் வழக்கில் நீதியரசர் கிருஷ்ணய்யர் எழுதினார். அடுத்த ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் விசாரணையே இன்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களின் நிலை வெளிவந்தது. குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் தாண்டிச் சிலர் உள்ளே இருந்திருக்கிறார்கள்.

1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் கேட்கலாம். திண்டிவனத்தில் வட்டக் குழுவும், விழுப்புரத்தில் மாவட்ட ஆணைக்குழுவும் நீதிமன்ற வளாகத்திலேயே உள்ளன. தொலைபேசி எண் 15100.

வக்கீல் வைத்தபின்னும் நம் வேலை தீராது. வெற்று வக்காலத்தில் கையெழுத்திடாதீர்கள்; கொடுத்த பணத்துக்கு இரசீது கேளுங்கள். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று 2000-இல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது.

எங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் இப்போது எதையும் செருகுவதில்லை. தபால்காரர் எதைக் கொடுத்தாலும் பெரியப்பா முதலில் என்னிடம்தான் நீட்டுகிறார், "தேதி ஏதும் போட்டிருக்கிறதா பார்" என்று.