குருதியிற் கண்ட பகை

மனிதர் நோயுற்றால் தம் துன்பத்தை வாய்விட்டு உரைப்பர். விலங்குகட்கு அஃது இயலாது. ஆதலின், கால்நடை மருத்துவர் நோயாளியிடம் கேட்டறிய வேண்டியவற்றையெல்லாம் தம் கண்ணாலேயே கண்டறிதல் வேண்டும். அவ்வாறு கண்டறிந்தும், கண்டதை உலகம் ஏற்கும்வரை பல்லாண்டு காத்திருந்தவர் கிரிபித் ஈவான்சு என்பார்.

அவர் 1835-ஆம் ஆண்டில் வேல்சு நாட்டில் உழவர் குடியொன்றிற் பிறந்தார். இலண்டனிலுள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1855-இல் தேறினார். பின்னர்ப் பீரங்கிப் படையின் கால்நடை மருத்துவராகிக் கனடா சென்றார். அங்கும் வாளா இராது, மாண்ட்ரியல் நகரில் மக்கள் மருத்துவமும் கற்று 1864-இல் பட்டம் பெற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலம் அது. அப்போரைக் காணச் சென்றவர், ஆபிரகாம் லிங்கனையும் நேரிற் கண்டு உரையாடி மீண்டார். 1877-இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் பெயரை நிலைநிறுத்திய பணி இங்கேதான் அவருக்குக் காத்திருந்தது.

சிந்து ஆற்றின் மேலைக் கரையில் தேரா இசுமாயில் கான் என்னும் ஊர் உள்ளது. இன்று பாக்கிஸ்தானைச் சேர்ந்த அவ்வூர், அந்நாளில் பஞ்சாபு மாகாணத்தின் எல்லைப்புறப் படையிடமாய் இருந்தது. அங்கே படைக் குதிரைகளும் ஒட்டகங்களும் ஒருவகை நோயால் மடிந்து வந்தன. காய்ச்சல் விட்டு விட்டு வரும். கால்களும் அடிவயிறும் வீங்கும். கண்ணின் உட்புறம் வெளுக்கும். தீனி தின்றுகொண்டிருக்கும்போதே குதிரை நாளுக்கு நாள் மெலிந்து எலும்புக்கூடாகும். பின்னர் ஒருநாள் வீழும். மக்கள் அந்நோயைச் 'சர்ரா' என்றழைத்தனர். அழுகிப் போனது என்பது அதன் பொருள். 1880-இல் அந்நோயின் காரணத்தை ஆராயுமாறு ஈவான்சு பணிக்கப்பெற்றார்.

அவர் நோயுற்ற குதிரையின் குருதியில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் இட்டு, நுண்பெருக்கி வழியே நோக்கினார். சிவப்பு அணுக்களின் நடுவே விலாங்குமீன் போன்ற உயிர்கள் நெளிந்தோடின. அவை மோதிய இடமெல்லாம் அணுக்கள் அதிர்ந்தன. ஒரு மில்லிமீட்டரை நாற்பது கூறாக்கினால் ஒரு கூறின் அளவே அவ்வுயிரின் நீளம். காய்ச்சல் ஏறிய நாளில் அவை மொய்த்திருந்தன. தணிந்த நாளிலோ காணாமற் போயின. தன் மேற்போர்வையை அடிக்கடி மாற்றி, உடலின் காப்புப் படையை அவ்வுயிர் ஏமாற்றுகின்றது என்பதை இன்று நாம் அறிவோம். காய்ச்சல் விட்டு விட்டு வருவதன் காரணம் அதுவே.

கண்டதோடு ஈவான்சு அமைந்துவிடவில்லை. நோய்க் குருதியை நலமுள்ள குதிரையின் உடலிற் செலுத்தினார். சில நாட்களில் அக்குதிரையின் குருதியிலும் அவ்வுயிர்கள் தோன்றின, நோயும் தோன்றியது. இவ்வொட்டுண்ணியே சர்ராவின் காரணமாதல் வேண்டும் என்று அவர் அறிக்கை எழுதினார். பெரிய ஈக்களின் கடியால் இந்நோய் வருகின்றது என்று அவ்வூரார் கூறியதையும் ஒதுக்கிவிடாது அதிற் குறித்தார். கல்லாதார் கூற்று என்று தள்ளியிருப்பின் அன்று எவரும் அவரைக் குறை கூறியிரார்.

அறிக்கையைப் படித்த பெரியோர் அவர் முடிவை ஏற்றாரில்லை. அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. கல்கத்தாவிலிருந்த தீமோத்தி லூயி என்னும் அறிஞர், 1878-ஆம் ஆண்டிலேயே எலிகளின் குருதியில் இத்தகைய உயிர்களைக் கண்டிருந்தார். அவ்வெலிகளோ நோயின்றித் துள்ளித் திரிந்தன. எலிக்குத் தீங்கு செய்யாத உயிர் குதிரையை எவ்வாறு கொல்லும் என்பது அவர்கள் வினா. வினா நேரியதே, ஆயினும் விடை தவறாகிவிட்டது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உயிர்களுள் ஒன்று தீங்கற்றதாகவும் மற்றொன்று கொல்வதாகவும் இருத்தல் கூடும் என்பது அன்று தெளிவாகவில்லை.

1885-இல் பர்மாவிலிருந்த படையின் கோவேறு கழுதைகளுக்கும் இந்நோய் வந்தது. அதனை ஆராய்ந்த ஸ்டீல் என்பாரும் அதே உயிரைக் கண்டார். அது எவ்வினத்தைச் சேர்ந்தது என்பதில் அவர் தவறினாலும், முதலிற் கண்டவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். டிரிப்பனசோமா ஈவான்சி என்பது அதன் இன்றைய பெயர். 1895-இல் ஆப்பிரிக்காவில் டேவிட் புரூசு என்பார், மாடுகளைக் கொல்லும் நகானா நோய்க்கும் இவ்வினத்து உயிரே காரணம் என்று காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில், மக்களைக் கொல்லும் தூக்க நோயின் காரணமும் இக்குடும்பத்திலேயே அகப்பட்டது. 1901-இல் லியோனார்டு ராசர்சு என்பார் குதிரை ஈக்கள் சர்ராவைப் பரப்புவதைச் சோதனையால் நிறுவினார். நோயுற்ற குதிரையைக் கடிக்கும் ஈயைக் குதிரை வால் வீசி விரட்டுகிறது. அரைவயிறாய்ப் பறந்த ஈ, வாயில் ஒட்டிய ஈரக் குருதியுடன் அடுத்த குதிரையிற் சென்று அமர்கிறது. அவ்வளவே. தேரா இசுமாயில் கான் ஊரார் சொன்னது பொய்க்கவில்லை.

ஈவான்சு 1890-இல் ஓய்வு பெற்று வேல்சு நாட்டின் பாங்கர் நகரில் வாழ்ந்தார். 1917-இல் இலிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்விக்கழகம் அவருக்கு மேரி கிங்சிலி பதக்கம் வழங்கிற்று. கண்டுபிடித்து முப்பத்தேழு ஆண்டுகள் சென்றிருந்தன. அதன் பின்னும் வாழ்ந்து, நூறாண்டு நிறைவைக் கண்டு, 1935 திசம்பரில் மறைந்தார்.

சர்ரா இன்னும் மறையவில்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் குதிரை, ஒட்டகம், எருமை முதலியவற்றை அது வருத்துகின்றது. மனிதக் குருதியில் இவ்வொட்டுண்ணியை அழிக்கும் புரதம் ஒன்று உண்டு. ஆதலின் மனிதரை இது பற்றுவதில்லை என்று கருதப்பட்டது. 2004-ஆம் ஆண்டில் மகாராட்டிர உழவர் ஒருவருக்கு இந்நோய் வந்தது. ஆராய்ந்தபோது, அப்புரதம் அவர் குருதியில் இல்லாமை தெரிந்தது. தக்க மருந்தால் அவர் நலம் பெற்றார். இன்றும் காய்ச்சலுற்ற குதிரையைக் காணும் கால்நடை மருத்துவர், ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, நெளியும் உயிர் உளதா என்றே முதலில் நோக்குகின்றார்.