சந்தாவும் வீட்டு ஊடக வழங்கியும்

விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கிப் பயிலும் நம் தமிழ் மாணவர் பலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே வினாவை எழுப்பி வருகின்றனர். "மாதந்தோறும் சந்தா கட்டுகிறோம். தொலைக்காட்சி நேரலை கைப்பேசிச் செயலியில் வருகிறது. அதையே வீட்டு சர்வரில் இணைத்துக்கொண்டால் என்ன?" என்பதே அவ்வினா. தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து பௌதிகம் பயிலும் எனக்கு இது ஓய்வு நேர வேலைதான். ஆயினும் இரண்டாண்டுகளாக இதில் ஈடுபட்டு வருவதால், கண்டறிந்தவற்றை நம் சங்க இதழில் எழுதத் துணிகின்றேன்.

சர்வர் எனப்படும் ஊடக வழங்கி யாது? வீட்டிலுள்ள ஒரு கணினி, படங்களையும் பாடல்களையும் தன் வட்டில் சேர்த்து வைத்துக்கொண்டு, பிற கருவிகள் கேட்கும்போது அனுப்பி வைக்குமாயின் அதுவே ஊடக வழங்கி. பழைய மடிக்கணினி ஒன்று போதும். இதற்கான மென்பொருள்களுள் பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் ஆகிய மூன்றும் பெயர் பெற்றவை. எம்பியின் மூல நிரல் மூடப்பட்டபோது, முன்னரே வெளியாகியிருந்த திறந்த நிரலை எடுத்துக்கொண்டு ஆர்வலர் சிலர் 2018 டிசம்பரில் தொடங்கியது ஜெல்லிஃபின். நேரலையைப் பதிவு செய்யும் வசதி மற்ற இரண்டிலும் கட்டணம் செலுத்தியோர்க்கே உண்டு. ஜெல்லிஃபினில் கட்டணமே கிடையாது. மாணவர் பைக்கு ஏற்றது எது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரலையை ஏற்பதற்கு ஜெல்லிஃபின் நம்மிடம் கேட்பவை இரண்டு கோப்புகளே. எந்த அலைவரிசை எந்த முகவரியில் கிடைக்கும் எனக் காட்டுவது எம்3யு பட்டியல். எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி எனக் கூறுவது எக்ஸ்எம்எல்டிவி கோப்பு. அகில இந்திய வானொலி ஒரு காலத்தில் நிகழ்ச்சி நிரலுக்கென்றே 'வானொலி' என்னும் தமிழ் இதழை வெளியிட்டு வந்ததைப் பெரியோர் அறிவர். அவ்விதழின் வேலையைத்தான் இன்று இக்கோப்பு செய்கிறது. இரண்டு கோப்புகளிலும் ஓர் அலைவரிசைக்கு ஒரே அடையாளக் குறி இருத்தல் வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் படம் ஓடும், ஆனால் நிரல் வெறுமையாக நிற்கும். நேரத்தை எழுதும்போது, நம் நாட்டு நேரம் என்பதற்கு அடையாளமாக +0530 என்பதைச் சேர்க்க வேண்டும். அது விடுபட்டால் வழங்கி அதனை உலகப் பொது நேரமாகக் கொள்ளும். ஏழு மணிச் செய்தி நள்ளிரவு பன்னிரண்டரைக்கு என்று பட்டியலில் நிற்கும்!

இவ்வளவு எளிதாயின் நம் சந்தாவை இணைப்பதில் என்ன இடர்? இங்கேதான் நண்பர்கள் சற்று நிதானிக்க வேண்டும். இணைய நேரலை பெரும்பாலும் எச்.எல்.எஸ். முறையில் வருகிறது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொணர்ந்த இம்முறை, ஓடும் படத்தைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, அத்துண்டுகளின் பட்டியலை மட்டும் அடிக்கடி புதுப்பிக்கிறது. இலவச அலைவரிசையானால் அப்பட்டியலின் முகவரியைக் கொடுத்தவுடன் வழங்கி படத்தைக் காட்டிவிடும். கட்டண அலைவரிசையிலோ ஒவ்வொரு துண்டும் பூட்டப்பட்டு வருகிறது. திறவுகோல் வைட்வைன் போன்ற காப்பு முறையின் வழியே நிறுவனம் ஒப்புக்கொண்ட செயலிக்கோ உலாவிக்கோ மட்டும், அதுவும் அதன் உட்புறத்திற்கு மட்டும், தரப்படுகிறது. ஜெல்லிஃபினுக்குப் பெட்டி வந்து சேரும், சாவி வாராது. முகவரியிலும் சிறிது நேரத்தில் காலாவதியாகும் ஓர் அனுமதிச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும்.

ஆகவே நாம் எதற்குப் பணம் செலுத்துகிறோம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். இந்நகரில் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943 மார்ச்சில் தொடங்கி, 1950 ஏப்ரலில் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. அந்நாளில் பெட்டி வைத்திருப்போர் அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்தினர். அவ்வுரிமம் பெட்டிக்கு. செலுத்தியபின் எந்த நிலையத்தைத் திருப்பினாலும், கூடத்தில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டாலும், அவரவர் விருப்பம். இன்றைய சந்தாவோ, குறிப்பிட்ட செயலியில், குறிப்பிட்ட எண்ணிக்கைத் திரைகளில், சந்தா நிலுவையில்லாத நாள் வரை காண்பதற்கான அனுமதி. ஒளிபரப்பு நம் வீட்டுக்குள் வந்தாலும் நம் கைக்கு வருவதில்லை.

"பூட்டை உடைத்தால் என்ன?" என்பார் சிலர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு காப்பு முறையை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வேறு சிலர், எல்லா அலைவரிசைகளும் அடங்கிய பட்டியலைச் சில நூறு ரூபாய்க்கு ஓராண்டுக்கு விற்பவரை நாடுகின்றனர். எங்கள் வீட்டில் ஒருவர் அவ்வாறு வாங்கினார். மூன்றாம் வாரம் கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே பட்டியல் நின்றது. விற்றவரின் எண்ணும் மறைந்தது. முறையிடவும் இடமில்லை.

அப்படியாயின் நம்மால் இயல்வது யாது? நான் பரிந்துரைப்பது மொட்டைமாடி. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் தொடங்கி, இன்று டிடி ஃப்ரீ டிஷ் என வழங்கும் ஒளிபரப்புக்கு மாதச் சந்தா இல்லை. பொதிகை என நாம் அறிந்து, 2024 ஜனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாறிய அலைவரிசையும் அதில் உண்டு. பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியிலும் நேரலைகள் கிடைக்கின்றன. ஆனால் அதுவும் செயலியே. வானிலிருந்து வருவதை டிவிபி-எஸ்2 ட்யூனர் ஒன்றை யு.எஸ்.பி. வழியே மடிக்கணினியில் செருகிப் பெறலாம். டிவிஹெட்எண்ட் என்னும் இலவச மென்பொருள் அதனை வாங்கி, முன்சொன்ன இரு கோப்புகளையும் தானே ஆக்கி ஜெல்லிஃபினுக்குக் கொடுக்கும்.

டிஷ்ஷைத் திருப்புவதில்தான் நம் பாடநூல் கைகொடுக்கிறது. ஃப்ரீ டிஷ்ஷைச் சுமக்கும் ஜிசாட்-15, 2015 நவம்பரில் ஏவப்பட்டு, கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகையில் நிற்கிறது. (நம் கழகத்திற்கு அணித்தாகவே தும்பா இருந்தும், இக்கோள் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ஏவுகணையில்தான் சென்றது!) திருவனந்தபுரத்தின் அகலாங்கு 8.5, நெட்டாங்கு 76.9 எனக் கொண்டு கணக்கிட்டேன். நேர்த் தெற்கிலிருந்து கிழக்கே சுமார் 64 பாகை திருப்பி, அடிவானத்திலிருந்து 68 பாகை உயரத்தில் நோக்க வேண்டும். சென்னைக்கும் கணக்கிட்டால் உயரம் ஏறத்தாழ அதே 68. திருப்பம் மட்டும் 46 பாகை. சென்னையிலிருந்து வந்த நண்பர் அங்கிருந்தபடியே இங்கு மாட்டினால் வானில் ஏறக்குறைய 7 பாகை விலகும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலமோ சுமார் 3 பாகைதான். பெட்டியில் ஒன்றும் வாராததற்கு மாடித் தென்னையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பதிவு செய்வதற்குத் தடையுண்டோ எனில், இல்லை. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பதிவு செய்பவர் தம் சொந்தப் பயனுக்காக ஒளிபரப்பைப் பதிந்துகொள்வதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் அவ்வாறே இடமளிக்கிறது. எங்கள் வீட்டு ஐவருள் மூவர் இரவு எட்டுக்கு மேல்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்புகிறோம். மாலைச் செய்தியும் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சியும் அதற்குள் முடிந்திருக்கும். இப்போது அவை எங்களுக்காகக் காத்திருக்கின்றன. சந்தா முடிந்தது என்று எவரும் வந்து அழித்துச் செல்வதில்லை. ஆனால் பக்கத்து வீட்டாரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுவதற்கு அப்பிரிவு துணை வாராது.

ஓர் அலைவரிசை நொடிக்கு 3 மெகாபிட் எனக் கொண்டால், ஒரு மணிப் பதிவுக்கு 1.35 ஜிகாபைட் இடம் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம் பதிந்தால் 500 ஜிகாபைட் வட்டு ஆறு மாதம் தாங்கும். எம்பெக்-2 முறையில் வரும் படத்தை உலாவிகள் நேரே காட்டமாட்டா. வழங்கி அதை எச்.264-ஆக மாற்றி அனுப்பும். மிகப் பழைய கணினியாயின் அப்போது மூச்சு வாங்கும்.

மழையை மட்டும் வெல்ல வழியில்லை. கேயூ பட்டை அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே ஆதலின், கனமழைத் துளிகள் அதனை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒருங்கே பொழியும் ஊர் இது. அத்தகைய மாலைகளில் என் பதிவுகளில் பத்துப் பதினைந்து நிமிடம் சதுரம் சதுரமாக உடைந்திருக்கும். டிஷ்ஷைச் சற்றுப் பெரிதாக, 90 சென்டிமீட்டராக, மாற்றினால் இடைவெளி குறையும். வீட்டுக்காரர் அனுமதி கேட்டிருக்கிறேன்.