மாயமும் காதலும்
அண்மைக் கால ஆங்கில நவீனங்கள் சிலவற்றைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சென்ற கோடை விடுமுறையில், கல்லூரியில் முதலாண்டு பயிலும் நம் தங்கை, தலையணை போன்ற பருமனுள்ள ஆங்கில நவீனம் ஒன்றை நம்மிடம் நீட்டி, “அண்ணா, இதில் வரும் காதல் மெய்யான காதல்தானா? படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள். நாமோ அந்நூலை அதுகாறும் படித்ததில்லை, படியாமலே இகழ்ந்திருந்தோம். சிறகுடைய நாகங்களும், மூப்பறியாத அரசகுமாரரும், அவர்மேல் மையல்கொள்ளும் மங்கையரும் நிரம்பிய கதைகள் பொழுதுபோக்குக்கு உரியனவேயன்றி ஆராய்ச்சிக்கு உரியன அல்ல என்பது நம் துணிபாயிருந்தது. ஆயினும், படியாத நூலுக்குத் தீர்ப்புக் கூறுதல் நேர்மையாகாதென நாணி, அதனையும் அதன் இனத்தைச் சார்ந்த வேறு சில நூல்களையும் தேடிப் பெற்று, விடுமுறை முழுதும் படித்தோம். அப்படிப்பினால் விளைந்த அபிப்பிராயங்களை நம் மாணவ நண்பர் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் இவ்வியாசத்தில் வைக்கின்றோம்.

முதற்கண், இந்நூல்வகையின் இலக்கணத்தைச் சிறிது கூறுவாம். மேனாட்டார், காதற்கதையைக் குறிக்கும் சொல்லையும் மாயக்கதையைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்து, இதற்கு ‘ரொமாண்டஸி’ என்று பெயரிட்டனர். மந்திரமும் தேவகணங்களும் உலவும் ஒரு கற்பனை நாடு இக்கதைகளுக்குக் களம். அக்களத்தில் நிகழும் காதலே கதையின் முதுகெலும்பு. இவற்றின் செல்வாக்கைச் சிறிதென எண்ணுதற்கில்லை. ரெபெக்கா யாரோஸ் என்னும் அமெரிக்க ஆசிரியை எழுதிய ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’ என்னும் நவீனம் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த முதல் வாரத்திலேயே இருபத்தேழு இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. இத்துணைப் பேர் விரும்பிப் படிக்கும் ஒன்றைக் கற்றோர் கண்ணெடுத்தும் பாரா திருத்தல் அறிவுடைமை யாகாது.

நிற்க. பெயர் புதிதாயினும் பொருள் மிகப் பழைமையானது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் அப்புலேயுஸ் என்பவர் இலத்தீனில் இயற்றிய ‘பொற்கழுதை’ என்னும் நூலுள், சைக்கி என்னும் கன்னிகை கண்ணுக்குப் புலனாகாத கணவனோடு வாழ்ந்த கதை வருகின்றது. முகத்தைக் காணலாகாது என்ற கட்டளையை மீறி அவள் ஒருநாள் இரவில் விளக்கேந்திப் பார்க்க, அவன் காதற்கடவுளாகவே காணப்பட்டான். விளக்கினின்று சிந்திய எண்ணெய்த் துளி அவனைச் சுட, அவன் பிரிந்தகன்றான். பின்னர் அவள் பட்ட சோதனைகள் பல. ஸ்காத்லாந்து நாட்டுப் பழம்பாட்டொன்றிலோ, ஜானெட் என்னும் பெண், வனதேவதைகளின் அரசிபாற் சிறைப்பட்ட டாம் லின் என்னும் வீரன் கொடிய விலங்குருவங்கள் பலவாக மாறிய போதும் கைவிடாது பற்றி நின்று அவனை மீட்கின்றாள். ‘அழகியும் விலங்கும்’ என்னும் கதையைப் பிரெஞ்சு மொழியில் வில்நேவ் அம்மையார் 1740-ல் விரிவாக எழுதினார். அதனையே 1756-ல் போமோன் அம்மையார் சுருக்கி, இளம்பெண்களின் கல்விக்கென வெளியிட்டார். இவர் இலண்டன் மாநகரில் செல்வர் இல்லங்களிற் பெண்மக்களுக்கு ஆசிரியையாக இருந்தவர்.

அக்காலத்துப் பெருங்குடிப் பெண்கள் பலர், பெற்றோர் பேசி முடித்த அந்நியனொருவன் மனைக்கு அச்சத்தோடு சென்றவர்கள். அவ்வச்சமே விலங்குருக் கொண்ட கணவனாக அக்கதையுள் நடமாடுகின்றதென நாம் கருதுகிறோம். ஈண்டு ஒரு நுட்பத்தை மாணவர்கள் உன்னிப்பாக நோக்க வேண்டும். போமோன் அம்மையார் கதையில், அவ்விலங்கு இரவுதோறும் தன்னை மணக்க இசைவாயா என்று அழகியை வினவுகின்றது, அவள் மறுக்கின்றாள், அது பெருமூச்செறிந்து அகல்கின்றது, மறுத்ததற்காக அவளைத் துன்புறுத்துவதில்லை. தந்தையைக் காண அவள் விடை வேண்டியபோதும் விடுக்கின்றது. அவள் தானே மனமுவந்து திரும்பி வந்து, மாயும் தறுவாயிலிருந்த அதனைக் கணவனாக ஏற்ற பின்னரே மாயம் நீங்குகின்றது. சிறையிலே தொடங்கிய கதை, மறுக்கும் உரிமையினால் காதற்கதையாக மாறுகின்றது.

இதனை அடிப்படையாகக் கொண்டு, இவ்வகை நூல்களை மதிப்பிடுதற்கு மூன்று அளவுகோல்களை வகுத்துக்கொண்டோம். முதலாவது: மாயத்துக்கு ஒரு நியதியும் விலையும் உண்டா? ஆசிரியர் வேண்டியபோதெல்லாம் மந்திரம் கைகொடுக்குமாயின், கதைமாந்தர்க்கு இடுக்கண் என்பதே இல்லையாகும். இரண்டாவது: காதலர் இருவர்க்கும் ‘மாட்டேன்’ என்று சொல்ல இடமுண்டா? மூன்றாவது: மாயமும் காதலும் ஒன்றற்கொன்று இன்றியமையாதனவா, அன்றி ஒன்றன்மேலொன்று பூசப்பட்ட வெறும் வண்ணமா? இவற்றைக்கொண்டு நாம் படித்தவற்றை நோக்குவாம்.

நம் தங்கை தந்த நூல், ஸேரா ஜே. மாஸ் என்பவர் 2015-ல் வெளியிட்ட ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ என்பது. ‘முட்களும் ரோஜாக்களும் உடைய அரசவை’ என்பது அப்பெயரின் பொருள். ஃபேய்ரா என்னும் ஏழைப்பெண், பசியால் வாடும் குடும்பத்தைக் காக்க வேட்டையாடுபவள், ஓர் ஓநாயைக் கொல்கின்றாள். அது ஓநாயன்று, தேவகணத்தான் ஒருவன் கொண்ட உரு. அக்கொலைக்கு ஈடாக டாம்லின் என்னும் தலைவன் அவளைத் தன் நாட்டுக்குக் கொண்டு செல்கின்றான். தலைவன் பெயரிலேயே பழைய பாட்டின் எதிரொலி கேட்கின்றதன்றோ? முதற்பாகம் பெரிதும் பழைய தடத்திலேயே செல்கின்றது. நாயகி மூன்று சோதனைகளுக்கும் ஒரு விடுகதைக்கும் உட்பட்டுத் தலைவனை மீட்கின்றாள்.

மாஸ் அம்மையாரின் திறமை 2016-ல் வந்த இரண்டாம் பாகத்திலே விளங்குகின்றது. பழங்கதைகள் முடியுமிடத்தில் இவர் தொடங்குகின்றார். மீட்கப்பட்ட தலைவன், இனியொரு தீங்கும் அணுகலாகாதென்ற அச்சத்தால், நாயகியைத் தன் மாளிகைக்குள்ளேயே அடைத்து வைக்கின்றான். அன்பின் பெயரால் நிகழும் அச்சிறைவாசத்தை அவள் பொறாது நீங்குகின்றாள். நாயகி எழுத்தறிவு நிரம்பாதவள் என்பதை முதற்பாகத்திலேயே கண்டோம். சோதனைகளில் ஒன்றிலே, சுவரில் பொறித்ததைப் படிக்க இயலாமையால் அவள் உயிரிழக்கும் தறுவாயை எய்தினாள். இரண்டாம் பாகத்தில் ரைஸாண்ட் என்னும் மற்றொரு தலைவன் அவளுக்குப் படிக்கக் கற்பிக்கின்றான். ஒருவன் கதவை அடைத்தான், மற்றவன் எழுத்தறிவித்தான். கல்லூரியிற் பயிலும் நமக்கு இவ்வேறுபாட்டின் ஆழத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் குறையொன்றை மறைத்தல் தகாது. அதே ரைஸாண்ட் முதற்பாகத்தில் அவளுக்கு மயக்கும் மது ஊட்டி, சபை நடுவே ஆடச் செய்தவன். அஃது அவளைக் காத்தற்பொருட்டே செய்ததெனப் பின்னர்ச் சமாதானம் கூறப்படுகின்றது. நோக்கம் நன்றாயின் செயல் நன்றாகிவிடுமோ? டாம்லினும் காத்தற்பொருட்டே கதவடைத்தான்! ஒருவனுக்குக் குற்றமாகக் கொண்டதை மற்றவனுக்கு மன்னித்தல் நடுவுநிலைமை யாகாது. நம் இரண்டாம் அளவுகோலில் இந்நூல் பாதியே தேறுகின்றது. இத்தொடரிலே முதிர்ந்தோர்க்கே உரிய பகுதிகள் பல உள என்பதையும் இளைய வாசகர்க்குக் கூறிவைக்கின்றோம்.

அடுத்து, யாரோஸ் அம்மையார் 2023-ல் எழுதிய ‘ஃபோர்த் விங்’. வயலட் என்னும் நாயகி ஏட்டுக் காப்பாளர் வகுப்பிற் சேர விழைந்தவள். படைத்தலைவியான அவள் தாயோ, டிராகன் என்னும் சிறகுடைய நாகங்களை ஊர்ந்து போர்புரியும் பயிற்சிக்கு அவளை வற்புறுத்தி அனுப்புகின்றாள். எளிதிற் பிசகும் மூட்டுக்களையுடைய மெலிந்த யாக்கையினள் இவள். ஆசிரியைக்கும் அத்தகைய நோயுண்டாதலின், வலியோடு நாள் கழிப்பாரின் நிலை இந்நூலில் உண்மையாக அமைந்துள்ளது. வலியவரே வீரராதற்குரியர் என்னும் கொள்கைக்கு இஃதொரு நல்ல மறுப்பு. மற்றொரு சிறப்பும் உண்டு. தன் நாட்டு வரலாற்றினின்று பெரும் உண்மையொன்று வேண்டுமென்றே அழிக்கப்பட்டிருத்தலை நாயகி கண்டறிகின்றாள். நூலகத்தில் இல்லாத ஏடு எதனை உணர்த்தும் என்று எண்ணும் பழக்கத்தை இக்கதை இளைஞர்க்கு ஊட்டுகின்றது.

காதலைப் பொறுத்தமட்டில் நாம் நிறைவெய்தவில்லை. நாயகி ஊரும் நாகமும் நாயகன் ஊரும் நாகமும் துணைகளாதலின், அவர்கள் நெடுநாள் பிரிந்திருத்தல் இயலாது; ஒருவர் உயிர் மற்றவர் உயிரோடு பிணிக்கப்பட்டுள்ளது. காதல் செய்ய வேண்டிய வேலையை இப்பிணிப்பே செய்துவிடுகின்றது. பிரிய இயலாதவர் பிரியாதிருத்தலில் வியப்பென்ன? மேலும், பன்னெடுங் காலத்துக்கு முற்பட்டதுபோன்ற போர்ப்பாசறையில் இக்காலத்து அமெரிக்க இளைஞரின் கொச்சைப் பேச்சு ஒலிப்பது, செவிக்கு இசையவில்லை. ஆனால் கதையின் வேகத்தை மறுக்க இயலாது. நாம் இதனை இரண்டே நாளில் முடித்தோம். இரண்டாம் நாள் உணவு மறந்தது என்பதும் மெய்யே.

இனி, நாம் மிகவும் போற்றுகின்றவை நயோமி நோவிக் அம்மையாரின் இரண்டு நவீனங்கள். ‘அப்ரூட்டட்’ 2015-ல் வெளியாகி நெபுலா பரிசு பெற்றது. போலந்து நாட்டு நாட்டுப்புறக் கதைகளின் மணம் கமழ்வது. பள்ளத்தாக்கிலுள்ள ஊர்களைக் கொடிய காட்டினின்று காக்கும் மந்திரவாதி, பத்தாண்டுக்கொரு முறை பதினேழு வயதுப் பெண்ணொருத்தியைத் தன் கோபுரத்துக்குக் கொண்டு செல்கின்றான். அழகும் திறமையுமுடைய கஸ்யாவையே கொள்வான் என ஊரார் எதிர்பார்க்க, அவள் தோழியும், உடையைக் கிழித்து அழுக்காக்கிக்கொள்பவளுமான அக்னியெஷ்காவை அவன் தேர்ந்தெடுக்கின்றான். அவன் மந்திரம் இலக்கண நூற்பாப் போன்று வரையறைப்பட்டது. அவளுடையதோ காட்டில் வழிதேடி நடப்பது போன்றது. இருவரும் சேர்ந்து ஒரு ரோஜாமலரைத் தோற்றுவிக்கும் இடத்தில், மாயமே காதலின் மொழியாகின்றது. நம் மூன்றாம் அளவுகோலுக்கு இதனினும் நல்ல சான்று யாம் கண்டிலம். அன்றியும், கஸ்யாவுக்கும் அக்னியெஷ்காவுக்கும் இடையேயுள்ள நட்பு காதலினும் ஒருபடி மேலாகவே நிற்கின்றது. மந்திரவாதி நூறாண்டு கடந்தவன் என்பதும், தொடக்கத்தில் அவன் வழங்கும் கடுஞ்சொற்களும் இந்நூலின்கண் உள்ள மாசுகள்.

2018-ல் வெளிவந்த ‘ஸ்பின்னிங் ஸில்வர்’ அம்மாசும் அற்றது. வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதர் ஒருவரின் மகள் மிர்யம். தந்தை இளகிய மனத்தினராய்க் கடனைக் கேளாதிருக்க, குடும்பம் வறுமையுற, இவளே வீடுவீடாகச் சென்று தண்டுகின்றாள். வெள்ளியைப் பொன்னாக்குவேன் என்று அவள் பெருமையாகச் சொன்ன சொல், பனிநாட்டு வேந்தன் செவியில் விழுகின்றது. மும்முறை மாற்றித் தந்தால் மணப்பேன் என்கின்றான். சொன்ன சொல்லை மீற இயலாமையால் மணக்கவும் செய்கின்றான். இருவருக்கும் அம்மணம் விருப்பன்று. இங்கே மிர்யம் அழுது வாளாவிருந்திலள். மனைவிக்குரிய உரிமைகளுக்கு மாற்றாக, இரவுதோறும் தன் வினாக்கள் சிலவற்றுக்கு அவன் விடையிறுக்க வேண்டுமெனப் பேரம் பேசுகின்றாள். போமோன் அம்மையாரின் கதையில் விலங்கு வினவ, அழகி விடையிறுத்தாள். இங்கே பெண் வினவ, வேந்தன் விடையிறுக்கின்றான். இரண்டரை நூற்றாண்டில் கதை எத்துணைத் தூரம் வந்துள்ளது என்பதை இவ்வொரு மாறுதலே காட்டும். முதலில் நிகழ்ந்த மணம் மணமாகாது கழிய, முடிவில் வேந்தன் முறைப்படி வந்து அவள் கையை வேண்டி, அவள் குலத்தார் வழக்கப்படியே மணம்புரிகின்றான். வறிய குடியானவன் மகள் வாண்டாவின் கதையும் இதனோடு பின்னிச் செல்கின்றது. கணக்குப் பார்க்கக் கற்றதே அவளுக்கு ஒரு மாயமாகத் தோன்றிற்று.

“இவையெல்லாம் உலகை மறக்கச் செய்யும் கதைகளல்லவா?” என்று வினவுவார் உளர். உலகை மறத்தற்கென்றே படிப்பாரும் உண்டு. களைத்தவர்க்கு அதுவும் தீங்கன்று. ஆனால் நாம் கண்டவரையில், இவற்றுட் சிறந்தவை வீட்டிலே வாய்விட்டுப் பேச அஞ்சும் வினாக்களையே வேற்று நாட்டு உடையுடுத்திப் பேசுகின்றன. காவல் எப்போது சிறையாகும்? இசைவு என்பது யாது? கொடுத்த வாக்கு எதுவரை கட்டும்? இவ்வினாக்கள் நம் தங்கையர்க்கு நாளை எழாமலிரா. அன்றியும், இத்தகைய நூல்களைப் பெண்கள் படிப்பவை என்று ஒதுக்கும் ஆடவர், தாம் படிக்கும் துப்பறியும் கதைகளை அங்ஙனம் ஒதுக்குகின்றனரா என்று எண்ணிப் பார்ப்பாராக. நாமும் அக்குற்றத்தினின்று நீங்கியவர் அல்லேம்.

விடுமுறை முடிவில் தங்கைக்கு விடையளித்தோம். “இரண்டாம் பாகத்தில் அவன் எழுத்தறிவித்தது காதல், முதற்பாகத்தில் மது ஊட்டியது காதலன்று. ஒரே மனிதனிடத்தில் இரண்டும் இருத்தலால், நீ விழிப்போடு படி” என்றோம். அவள் சிறிது நேரம் பேசாதிருந்து, “மிர்யம் கதையை எனக்குத் தாருங்கள், அவள் என்னென்ன கேட்டாள் என்று பார்க்கவேண்டும்” என்றாள். அந்நூல் இன்னும் நம்மிடம் திரும்பவில்லை.

மாணவ நண்பர்காள்! முதலில் போமோன் அம்மையாரின் சிறுகதையைப் படியுங்கள்; ஒரு மாலைப்பொழுது போதும். அதன்பின் நோவிக் அம்மையாரின் இரண்டு நூல்களையும், பிறகு ஏனையவற்றையும் படித்து, நம் அளவுகோல்கள் சரியானவையா என்று சோதியுங்கள். நாம் கூறியவற்றுக்கு மறுப்புரைப்பார் உளரேல், அடுத்த ஆண்டு மலரில் அவர்தம் கட்டுரையைக் காண ஆவலோடு காத்திருக்கின்றோம்.